பாட்டன் பிறந்த இடம்
சட்டம் ஒரு மக்களை நாடற்றவராக்கும் விதம்

(ஆரணியில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியரை இங்குள்ள மாணவர்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் சேரிப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று, மனைப் பட்டா என்று எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: நிரூபிக்கும் பொறுப்பை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள்? அந்தக் கேள்வியை அவரிடமிருந்து கடன் வாங்கித்தான் இந்தப் பேச்சை அமைத்திருக்கிறேன்.

இரண்டு நாடுகளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒன்று, இட்லரின் ஜெர்மனி. மற்றொன்று, நம் முன்னோர் கூலிகளாகப் போன இலங்கை. முதலாவதைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாவது படித்திருப்பீர்கள். இரண்டாவது நம் பாடப் புத்தகங்களில் அநேகமாக இல்லை. இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. முதலாவதைத் தெரிந்துகொண்டால் இரண்டாவது எப்படி நடந்தது என்பது விளங்கும். இரண்டாவதைத் தெரிந்துகொண்டால், உரிமையைப் பறிக்கச் சர்வாதிகாரிதான் வரவேண்டும் என்ற நம் நினைப்பு மாறும்.

1. துளை போட்ட அட்டை

இது தறி ஊர். ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டையை இங்கே பார்க்காதவர் இருக்க முடியாது. அட்டையில் துளை இருக்குமிடத்தில் பாவு இழை மேலே ஏறும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். சேலையில் அன்னம் வருமா மயில் வருமா என்பது அட்டை வெட்டும்போதே முடிவாகிவிடும்.

அந்த அட்டையின் வழித்தோன்றல்தான், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹோலரித் என்ற அமெரிக்கர் உருவாக்கிய துளை அட்டை இயந்திரம். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜெர்மன் கிளையான டெகோமாக் அந்த இயந்திரங்களை ஜெர்மனிக்கு வழங்கியது. 1933 கணக்கெடுப்பிலும் 1939 கணக்கெடுப்பிலும் அவை ஓடின. 1939இல் வீட்டுக்கு வீடு தனியாக ஒரு படிவமும் கொடுத்தார்கள். உன் நான்கு பாட்டன் பாட்டிகளில் யார் யார் யூதர் என்பதே அதில் கேட்கப்பட்ட கேள்வி.

ஒரு மனிதனின் உரிமையை அவனுடைய பாட்டனின் தாளில் தேடுவது என்ற வேலை எப்படித் தொடங்கியது?

2. நான்கு பாட்டன் பாட்டிகள்

1933 ஜனவரி 30 அன்று இட்லர் பிரதமரானார். மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தைக் கேட்காமலேயே சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றமே அவருடைய அரசுக்குக் கொடுத்தது. பதினைந்தே நாளில், ஏப்ரல் 7 அன்று, அரசுப் பணியாளர் சட்டம் வந்தது. 'ஆரியர் அல்லாதவர்' அரசு வேலையில் இருக்கக் கூடாது என்றது அது. நான்கு நாள் கழித்து வந்த விதி, ஒரே ஒரு பாட்டனோ பாட்டியோ யூதராக இருந்தாலும் ஆரியர் அல்லாதவரே என்று விளக்கம் சொன்னது. முதல் உலகப்போரில் களத்தில் நின்றவர்கள் முதலிய சிலருக்கு மட்டும் அப்போது விலக்கு. அதே மாதம் 25ஆம் தேதி பள்ளி, பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் யூத மாணவருக்கு 1.5 விழுக்காடு என்று உச்சவரம்பு கட்டினார்கள். ஜூலை 14 அன்று வந்த சட்டம், 1918க்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பிடுங்க வழி செய்தது. போலந்து முதலிய கிழக்கு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழை யூதர்களே அதற்குக் குறி. வந்தேறி என்ற முத்திரை எப்போதும் ஏழையின் மேல்தான் முதலில் விழுகிறது.

அப்போது ஜெர்மனியில் இருந்த யூதர்கள் சுமார் 5 லட்சம் பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

1935 செப்டம்பர் 15 அன்று, நியூரம்பர்க் நகரில் நாஜிக் கட்சி மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, நாடாளுமன்றத்தை அங்கேயே கூட்டி இரண்டு சட்டங்களை நிறைவேற்றினார்கள். ஒன்று குடியுரிமைச் சட்டம். ஜெர்மானிய அல்லது அதற்கு இனமான ரத்தம் உள்ளவரே முழுக் குடிமகன், மற்றவர் அரசின் ஆளுகைக்கு உட்பட்டவர் மட்டுமே என்றது அது. மற்றொன்று ரத்தப் பாதுகாப்புச் சட்டம். யூதருக்கும் மற்ற ஜெர்மானியருக்கும் இடையே திருமணம் கூடாது, திருமணத்துக்கு வெளியே உறவும் கூடாது. 45 வயதுக்கு உட்பட்ட ஜெர்மானியப் பெண்ணை யூதர் வீட்டில் வேலைக்கு வைக்கக் கூடாது.

தோழர்களே, இந்த இரண்டாவது சட்டத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வர்ணக் கலப்பைப் பாவம் என்று எழுதிவைத்த நூலை 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் முன்னின்று கொளுத்தினார். நம் நாட்டில் 1954 முதல் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளைகள் வெட்டப்படுகிறார்கள். இங்கே சட்டத்தை மீறி ஊர் செய்யும் காரியத்தை, அங்கே அரசே சட்டமாக எழுதி வேலைக்குப் போலீசையும் வைத்தது.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. யூதர் யார் என்று அதில் சொல்லவில்லை. இரண்டு மாதம் வல்லுநர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து அடித்துத் திருத்தி, நவம்பர் 14 அன்று விதி எழுதினார்கள். பாட்டன் பாட்டிகள் நால்வரில் மூன்று பேரோ நான்கு பேரோ யூதர் என்றால் அவர் யூதர். இருவர் மட்டும் யூதர் என்றால், அவர் யூத மதச் சபையில் உறுப்பினரா, யூதரை மணந்தவரா என்று பார்த்து முடிவு செய்வார்கள். மற்றவர் கலப்பினர்.

சரி, அந்தப் பாட்டன் யூதர் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ரத்தப் பரிசோதனை ஏதும் கிடையாது, இருக்கவும் முடியாது. அவர் எந்த மதச் சபையின் பதிவேட்டில் இருந்தார் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். ரத்தம், இனம், விஞ்ஞானம் என்று ஊரெல்லாம் முழங்கியவர்களின் கையில் கடைசியில் இருந்தது ஒரு தேவாலயப் பதிவேடு. ஒவ்வொரு ஜெர்மானியரும் தம் பாட்டன் ஞானஸ்நானம் பெற்ற தாளைத் தேடி அலைந்தார்கள். மூதாதையர் கையேடு என்றே ஒரு சிறு புத்தகம் அச்சாகி விற்றது.

சாதியும் இப்படித்தான். உடலில் எங்கும் அது இல்லை. தெருவின் பெயரிலும் பதிவேட்டிலும்தான் இருக்கிறது.

3. பாவும் ஊடையும்

நியூரம்பர்க் சட்டங்கள் மிகச் சிறியவை. அவற்றைப் பாவு என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் வந்த ஆணைகள் ஊடை. 1938 ஏப்ரலில், 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். ஆகஸ்டில் பெயரில் கை வைத்தார்கள். அடையாளம் தெரியும் யூதப் பெயர் இல்லாத ஆண்கள் எல்லோரும் பெயரோடு இஸ்ரேல் என்றும் பெண்கள் சாரா என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் கடவுச்சீட்டில் 'ஜே' என்ற சிவப்பு எழுத்து விழுந்தது. அந்த மாத இறுதியில் போலந்துக் குடியுரிமை கொண்ட சுமார் 17,000 யூதர்களைப் பிடித்து எல்லையில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். போலந்தும் அவர்களை ஏற்க மறுத்தது. இரண்டு அரசுகளுக்கு நடுவே ஒரு எல்லைப்புற ஊரில் மழையிலும் குளிரிலும் அவர்கள் கிடந்தார்கள். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவோம்.

நவம்பர் 9 இரவு தொழுகைக் கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. மூன்று நாள் கழித்து, அடிபட்ட யூதர்கள் மேலேயே 100 கோடி மார்க் அபராதம் விதித்தார்கள். 15ஆம் தேதி யூதப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளிலிருந்து முற்றாக வெளியேற்றினார்கள். 1941 செப்டம்பரில் ஆடையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. 1941 நவம்பர் 25 அன்று வந்த ஆணைதான் எல்லாவற்றையும்விடக் கொடிய தந்திரம். ஜெர்மனிக்கு வெளியே வசிக்கும் யூதர் குடியுரிமை இழப்பார், அவருடைய சொத்து அரசைச் சேரும் என்றது அது. ஆட்களை ரயிலில் ஏற்றி எல்லை தாண்டி அனுப்பியதும் அரசுதான். எல்லை தாண்டியதால் நீ குடிமகன் இல்லை என்று சொன்னதும் அதே அரசுதான்.

போர் முடிவதற்குள் ஐரோப்பாவில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். 1933இல் வேலையை இழந்த ஒரு குமாஸ்தா, இது இங்கே வந்து முடியும் என்று நினைத்திருக்க மாட்டார். ஒவ்வொரு ஆணையும், இதோடு நின்றுவிடும் என்று நம்ப வைக்கும் அளவுக்குத்தான் இருந்தது.

1933இல் ஜெர்மனியிலிருந்து தப்பிய ஹன்னா அரெண்ட் என்ற யூத அறிஞர் 1951 வரை எந்த நாட்டின் குடிமகளாகவும் இல்லாமல் இருந்தார். குடியுரிமை போனவருக்கு மனித உரிமை என்று பேசுவதற்கே ஒரு வாசல் இல்லாமல் போகிறது என்பது அவர் அனுபவத்திலிருந்து எழுதியது. அவர் அதை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பல லட்சம் தமிழர்கள் அந்த நிலைக்குத் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

4. கடனுக்குத் துண்டு இருந்தது

19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் வெள்ளையர் முதலில் காப்பி போட்டார்கள். காப்பி நோயில் அழிந்தபின் தேயிலை போட்டார்கள். வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கங்காணிகள் திரட்டினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர் எத்தனையோ பேர். போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர். நிலமில்லாதவர்கள், பஞ்சத்தில் முதலில் சாகிறவர்கள். பெரிய கங்காணிகளோ பெரும்பாலும் நிலம் உள்ள சாதிக்காரர்கள். ஊரின் அடுக்கு லயத்துக்கும் கூடவே போனது. புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'யைப் படித்தவர்களுக்கு அந்தப் பயணம் புதிதல்ல.

அங்கே 'துண்டு' என்று ஒரு தாள் இருந்தது. தொழிலாளி கங்காணியிடம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதை எழுதிய சீட்டு. கடனைத் தீர்த்து அந்தத் துண்டை வாங்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. எத்தனை ரூபாய் பாக்கி என்பதற்குத் துண்டு இருந்தது. இன்று எத்தனை பேர் கொழுந்து எடுத்தார்கள் என்பதற்குச் செக்ரோல் இருந்தது. அந்தத் தாயின் வயிற்றில் எந்தத் தோட்டத்தில், எந்த நாளில் பிள்ளை பிறந்தது என்பதற்குப் பல வீடுகளில் தாள் இல்லை. தாள் இல்லாமல் போனது பிறகு உயிரை எடுத்தது.

1946 கணக்கெடுப்பில் இலங்கையில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் 7,80,000 பேர், மக்கள்தொகையில் 11.7 விழுக்காடு. அவர்கள் சும்மா இருக்கவில்லை. தஞ்சையிலிருந்து போன நடேசய்யர் பத்திரிகை நடத்தி, தொழிற்சங்கம் கட்டினார். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் குண்டுக்குப் பலியானார். 1947 தேர்தலில் 95 தொகுதிகளில் 7இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்றது. வென்றவர்களில் ஒருவர், தலவாக்கலையில் நின்ற கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. ஆட்சியமைத்த ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42 இடங்களே. கூலி என்று நினைத்தவன் வாக்குச்சீட்டோடு வந்து நின்றான் என்பதுதான் அவர்கள் கண்ட ஆபத்து.

5. பெயர் சொல்லாத சட்டம்

1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அதில் தமிழர் என்றோ இந்தியர் என்றோ ஒரு சொல் கிடையாது. இலங்கையில் பிறந்தவர் குடிமகனாக வேண்டுமானால் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1948இல் 30 வயதான ஒரு தொழிலாளி 1918இல் பிறந்தவர். அவர் தந்தை 1890ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். பாட்டன் 1865ஐ ஒட்டி, பூட்டன் 1840ஐ ஒட்டி. இலங்கையில் பிறப்பைப் பதியும் முறை வந்ததே 1867இல். பூட்டனின் பிறப்புக்கு ஆதாரம் காட்ட அந்தத் தீவில் யாராலும் முடியாது. தமிழராலும் முடியாது, சிங்களராலும் முடியாது. ஆனால் சிங்களக் கிராமத்து விவசாயியிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. அவர் குடிமகன் என்பது கேட்காமலே ஒத்துக்கொள்ளப்பட்டது. கேள்வி லயத்துக்கு மட்டும் போனது.

அடுத்த ஆண்டு, 1949இல், 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானியர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாமாம். 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் வசித்ததை நிரூபிக்க வேண்டும். மனைவி மக்களும் அங்கேயே வசித்திருக்க வேண்டும், போதிய வருமானமும் காட்ட வேண்டும். தாய் செத்தாள் என்றும் தங்கை கல்யாணம் என்றும் ஊருக்குப் போய், கடன் அடையும்வரை தங்கித் திரும்பியவருக்கு வசிப்பு அறுந்துவிடும். இரண்டே ஆண்டு கெடு. 1950 மே மாதம் உலக பௌத்தர் மாநாட்டுக்காக அம்பேத்கர் கண்டிக்குச் சென்றார். அவர் இருந்த அந்த நாட்களில் கண்டியைச் சுற்றிய மலைகளில் நம் மக்கள் இந்தப் படிவங்களோடுதான் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பதினைந்து ஆண்டு கழித்து 1964இல் கணக்குப் பார்த்தால், குடியுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்.

அதே 1949இல் 48ஆம் இலக்கச் சட்டம், குடிமக்களுக்கே வாக்கு என்றது. முதல் சட்டம் குடியுரிமையை எடுத்தது, மூன்றாவது சட்டம் வாக்கை எடுத்தது. 1947இல் 7 பேரை அனுப்பிய மக்கள் 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். 1949 சட்டங்கள் நிறைவேறியபோது யாழ்ப்பாணத்தின் பெரிய தமிழ்த் தலைவரான ஜி.ஜி. பொன்னம்பலம் அதே அரசில் அமைச்சர். செல்வநாயகம் அவரைப் பிரிந்து 1949 டிசம்பரில் தனிக் கட்சி கண்டதற்கு இதுவும் ஒரு காரணம். இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். ஆனால் கூலிக்காரனின் குடியுரிமைக்காகத் தன் பதவியை விடாத தமிழும் இருந்தது என்பதை நாம் மறைக்கக் கூடாது. மொழி ஒன்றாக இருந்தாலும் சாதியும் வர்க்கமும் நடுவில் சுவராக நின்றன.

6. நீதிமன்றத்தில் நடந்தது

அன்றைய இலங்கை அரசமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒரு பாதுகாப்பு இருந்தது. மற்ற சமூகத்தாருக்கு இல்லாத இடையூறு எதையும் ஒரு சமூகத்தார் மேல் மட்டும் சுமத்தும் சட்டம் செல்லாது என்றது அது. அதை நம்பி, வாக்காளர் பட்டியலில் தம் பெயர் வேண்டும் என்று கோடக்கன் பிள்ளை என்பவர் வழக்காடினார். பட்டியலைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1951இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவரைக் கைவிட்டது. தன் குடிமக்கள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான வேலை, இந்தச் சட்டம் எந்தச் சமூகத்தையும் குறிவைத்ததாகச் சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

நியூரம்பர்க் சட்டம் யூதர் என்று பெயரைச் சொல்லிச் செய்தது. இலங்கைச் சட்டம் பெயரைச் சொல்லாமலே செய்தது. பெயர் சொல்லாததே அதற்கு நீதிமன்றத்தில் கவசமானது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த வழக்கை மறக்கக் கூடாது. எழுதப்பட்ட வாசகத்தை மட்டும் படிக்காமல், அது யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்றும் பார்க்கப் பழகுங்கள்.

7. ஒப்பாரிக் கோச்சி

போலந்து எல்லைக் காட்சியை மனதில் வைக்கச் சொன்னேன். இலங்கை, இவர்கள் இந்தியர் என்றது. இந்தியா, இவர்கள் எல்லோரும் எங்கள் குடிமக்கள் அல்ல என்றது. பதினாறு ஆண்டு இழுபறிக்குப் பின் 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974இல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் பானை சட்டி பிரிக்கும்போதுகூட வீட்டுப் பெண்களை ஒரு வார்த்தை கேட்பார்கள். இங்கே அந்தப் பத்து லட்சம் பேரை யாரும் கேட்கவில்லை.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. வந்தவர்கள் மண்டபம் முகாமில் இறங்கி, கூடலூர், கோத்தகிரித் தேயிலைக்கும், நூற்பாலைகளுக்கும், கன்னியாகுமரி ரப்பருக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஒன்றும் கிடைக்காதவர்கள் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரிடம் கொத்தடிமையாகச் சிக்கினார்கள். பாட்டன் ஊருக்குத் திரும்பியவருக்கு அங்கே நிலமும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. சேரி மட்டும் பாட்டன் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது.

அங்கேயே தங்கியவர்களுக்கு அரசு வேலையும் இல்லை, நிலமும் இல்லை. 1977 மே மாதம், தோட்ட நிலம் பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1977, 1981, 1983 வன்முறைகளில் லயங்களும் எரிந்தன. 1988இல் ஒரு சட்டம், 2003இல் ஒரு சட்டம் என்று பறித்த குடியுரிமையைத் திரும்பக் கொடுத்து முடிக்க 55 ஆண்டு ஆயிற்று. 11.7 விழுக்காடாக இருந்தவர்கள் 2012 கணக்கெடுப்பில் சுமார் 4 விழுக்காடு. 2023இல், மலையகம் போய் 200 ஆண்டு ஆனதை நினைத்து அவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். அந்த மண் எங்களுடையதும்தான் என்பதைக் காலால் எழுதிக் காட்டினார்கள்.

8. ஒன்றல்ல, ஆனால்

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். ஜெர்மனியில் முடிவு விஷவாயுக் கூடம். இலங்கையில் அது இல்லை. இங்கே தேர்தல் நடந்தது, எதிர்க்கட்சி பேசியது, பத்திரிகை எழுதியது, வழக்குப் போட முடிந்தது, பிறகு திருத்தவும் முடிந்தது. இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஜனநாயகத்தின் மதிப்பே அந்தத் திருத்தும் வாய்ப்பில்தான் இருக்கிறது.

ஆனால், தேர்தல் இருந்தும், எதிர்க்கட்சி இருந்தும், அரசமைப்பில் பாதுகாப்பு இருந்தும், பல லட்சம் பேரின் குடியுரிமையை ஒன்றரை ஆண்டுக்குள் எடுத்துவிட முடிந்தது. அதைச் செய்தது பெரும்பான்மை வாக்கு. அதனால்தான் இதைப் பழைய கதையாக நான் பார்க்கவில்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று அசாமில் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் இல்லை. 1971 மார்ச் 24க்கு முந்தைய தாளை அவர்கள்தான் தேடித் தர வேண்டியிருந்தது. அதே ஆண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடம் இல்லை. நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. தமிழக முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் மலையகத்தார், அதாவது இங்கிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் குடிமக்கள் ஆகாதவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணையும் நம் வீட்டில் இருக்கிறது. கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ ஆன தலித்தைச் சேரி மறக்காது, ஆனால் பட்டியல் மறந்துவிடும்.

ஆகவே மாணவ நண்பர்களே, எந்தச் சட்டம் வந்தாலும், எந்தப் படிவம் வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதில் பெயர் சொல்லாமல் யாரைச் சொல்கிறார்கள்? நிரூபிக்கும் பொறுப்பு யார் மேல்? கேட்கும் தாள் யார் வீட்டில் இருக்கும், யார் வீட்டில் இருக்காது? தவறு நடந்தால் முறையிட வாசல் எங்கே, அதுவரை அந்த மனிதர் யார்?

ஒரு வேலையும் சொல்கிறேன். நம் தெருக்களிலிருந்து கண்டிக்கும், ரங்கூனுக்கும், நேட்டாலுக்கும், மலேயாவுக்கும் போனவர்களின் பெயரைப் பாட்டிகள் இன்னும் சொல்கிறார்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போய் எழுதுங்கள். யார், எந்த ஆண்டு, எந்த ஊர், திரும்பினாரா என்று கேட்டுக் குறியுங்கள். சி.வி. வேலுப்பிள்ளை தம் மக்களைப் பற்றி எழுதிய ஒரு நூலுக்கு வைத்த தலைப்பு 'நாடற்றவர் கதை'. நம் ஊரின் கதையை நம் கையால் எழுதி வைப்போம். அரசின் பதிவேட்டில் இல்லாதது நம் நோட்டிலாவது இருக்கட்டும். அந்த ஆசிரியர் இருந்திருந்தால் முதல் நோட்டை அவரே வாங்கிக் கொடுத்திருப்பார்.

ஜெய் பீம்.